கேட்டுக்கொண்டிருப்பதன் செலவு

பாலங்கள், குழாய்கள், தொட்டிகள் முதலியவற்றின் நிலையை ஆள் துணையின்றி அளந்து, கம்பியில்லாமலே ஒன்றுக்கொன்று செய்தி கைமாற்றிக்கொள்ளும் சென்சார் கருவிகளை அமைப்பதையே தொழிலாகக் கொண்ட என்னிடம், இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பதே. கருவி எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்பவர் சிலரே. ஆயினும், பாலத்தின் அடியில் சாரம் கட்டி ஏறி பேட்டரி மாற்றுவதற்கு ஆகும் செலவு கருவியின் விலையையே விஞ்சிவிடக்கூடும் ஆதலால், அந்த இரண்டாவது கேள்வியே பிரதானமானது.

ரேடியோ செய்தி அனுப்பும்போதுதான் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் என்பது சாமானிய அபிப்பிராயம். உண்மை வேறு. இத்துறையில் நெடுங்காலம் புழங்கிய சிசி2420 என்னும் சிப், முழு வலிமையோடு அனுப்பும்போது இழுப்பது 17.4 மில்லி ஆம்பியர். யாரேனும் பேசுவார்களா என்று வெறுமனே செவிசாய்த்திருக்கும்போது இழுப்பதோ 18.8. பிராசசரையும் சேர்த்து 20 என்று கொண்டால், 2500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கும் கருவிக்கு ஐந்து நாளே வரும்; அதே கருவி நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருக்குமானால், ஏறக்குறைய 500 நாள் தாங்கும். ஆனால் அனுப்பும் கருவியும் கேட்கும் கருவியும் ஒரே கணத்தில் விழித்தாலன்றிப் பேச்சு நடவாது. கருவிகளின் கடிகாரப் படிகமோ, பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடி விலகிவிடும். ஆகையால் அடிக்கடி நேரம் ஒத்துக்கொள்ள வேண்டும். அல்லது, 2004-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பி-மேக் முறையைப் போல, அனுப்புகிறவன் நீண்டதொரு முன்குறியை ஒலித்துக்கொண்டேயிருக்க, கேட்கிறவன் இடையிடையே கண நேரம் செவிகொடுத்துவிட்டுத் திரும்ப உறங்கலாம்.

உறக்கத்திலும் விரயம் உண்டு. நல்லதொரு பிராசசர் உறங்கும்போது சில மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கேட்பதில்லை. அப்படியிருக்க, 3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓயாமல் மின்சாரம் பாயும்படி விடப்பட்ட ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், தான் ஒருவனாகவே 300 மைக்ரோ ஆம்பியரைக் குடித்து, ஓராண்டு முடியுமுன் பேட்டரியைத் தீர்த்துவிடும். இத்தகைய கசிவுகளைத் தேடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்துத் தொடராக இணைத்தால், உறக்கத்தின் எண் திரையில் நிதானமாக நிற்கும். ரேடியோ விழித்தவுடன் மீட்டரின் உள்ளிருக்கும் ரெசிஸ்டரிலேயே வோல்டேஜ் விழுந்துபோக, போர்டு மயங்கி, மறுபடியும் ஆதியிலிருந்து கிளம்பும். ஆகையால் விழிப்பை அளக்க, 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து, அதன் குறுக்கே ஆசிலாஸ்கோப்பில் பார்ப்பதே என் வழக்கம். திரையில் எழும் படிகளில் படிகம் நிலைகொள்ளும் நேரம், ரேடியோ கேட்கும் நேரம், சென்சார் சூடேறும் நேரம் எல்லாம் தனித்தனியே தெரியும். எந்தப் படியைக் குறுக்கலாம் என்பதை அங்கேயே தீர்மானிக்கலாம்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளத்தக்க யுக்திகளே. ஆனால் ரேடியோவை அறிந்தவனைக் காட்டிலும், அளக்கப்படும் பொருளின் சுபாவத்தை அறிந்தவனே அதிகம் சேமிக்கிறான் என்பது என் திடமான அபிப்பிராயம். மணிக்கணக்கில் நகரும் நீர்மட்டத்தை விநாடிதோறும் அளப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரயில் பாலத்தின் அதிர்வையோ விநாடிக்குப் பலமுறை அளந்தாக வேண்டும். எனினும் ரயில் வராத வேளையில் அங்கே அளக்க என்ன இருக்கிறது? நம் நாட்டு ரயில் பாலங்களுக்கென்று காமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் வெளியிட்ட பிரைமான் என்னும் அமைப்பு, இந்த அறிவின்மேலேயே எழுந்தது: ரயிலில் பொருத்திய ரேடியோ விடாது குறி ஒலித்துவர, ரயில் வரும் வழியில் முதலில் நிற்கும் கருவி அதைக் கேட்டு மற்றவற்றை எழுப்பும், அளந்த தரவைத் தொலைதூரம் அனுப்பும் சுமையும் கருவிகளுக்கு இல்லை, பாலத்தைக் கடக்கும் ரயிலே அதை ஏற்றிச் செல்லும். ரயில் நீங்கியபின் சுமையற்ற பாலம் சிறிது நேரம் தன்னியல்பாக அதிர்கிறதே, அதிலேதான் அதன் இயற்கை அதிர்வெண் தெளிவாகப் புலப்படும் ஆகையால், மற்ற வேளைகளில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், அந்தச் சில விநாடிகள் கழியும்வரை கருவியை உறங்க விடலாகாது.