முட்டுக்கட்டை

எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அழைப்பிதழ் எழுதித் தருபவன் நான். தமிழ் படித்தவனுக்குத் தாமலில் கிடைக்கும் மரியாதை அது. ஓராண்டு ‘விண்ணில் தோன்றி அன்னைக்கு மாலை சூட்டும் கண்கொள்ளாக் காட்சி’ என்று எழுதினேன். விண்ணுக்கு ஏற்றியது வாடகைக் கிரேன். அதில் தொங்கிய இளைஞர்களுள் ஒருவன் என்னிடம் படித்தவன். நானும் கைதட்டினேன்.

2023 ஜனவரி 22 இரவு, அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில் மயிலேறு திருவிழாவின்போது கிரேன் சாய்ந்து நால்வர் இறந்தனர். பக்தர்கள் தந்த மாலைகளை வாங்கச் சிலர் அதில் ஏறியிருந்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் சொற்றொடர்தான் நெஞ்சில் வந்து நின்றது.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக் கட்டுமானங்களில் கிரேன் ஓட்டும் பழைய மாணவர் ஒருவர் உண்டு. “14 டன் தூக்கும் வண்டிக்கு எட்டுப் பேர் ஒரு பாரமா?” என்று கேட்டேன். சிரித்தார்.

“ஐயா, 14 டன்னுங்கறது கையைச் சுருக்கி, நிமிர்த்தி, சமதரையில நிக்கறப்போதான். கையை நீட்ட நீட்டக் கணக்கு இறங்கிடும்.”

பாரத்தைத் தூரத்தால் பெருக்க வேண்டுமாம். 10 மீட்டர் தள்ளித் தொங்கும் 1 டன், 2 மீட்டரில் தொங்கும் 5 டன்னுக்குச் சமம். அதற்கான அட்டவணை ஓட்டுநர் அறையிலேயே இருக்கும். எனினும் அவர் அஞ்சுவது பாரத்தைவிட மண்ணுக்குத்தான். திருவிழாக்களுக்கு வரும் ‘ஹைட்ரா’ வண்டி, பெரிய கிரேன்களைப் போலப் பக்கக் கால்களை ஊன்றி நிற்பதில்லை. பாரத்தோடு நான்கு சக்கரங்களில் நகர்வது. 12 மீட்டர் உயரத்தில் கை இருக்கையில் ஒரு பக்கச் சக்கரம் ஒரு சாண் புதைந்தால், நுனி ஒரு மீட்டருக்கு மேல் வெளியே போய்விடும். ஏரி நிறைந்திருக்கும் தை மாதத்தில் எங்கள் தெருவோர மண் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரும்புத் தூண் தொங்கினால் தொங்கியபடி இருக்கும். மனிதன் மாலைக்குக் கை நீட்டுவான், குனிவான், ஆடுவான். பாரம் தூக்கும் கொக்கியில் ஆளைத் தொங்கவிடக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி என்றார்.

அறியாமையால் மட்டும் இவை நேர்வதில்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் 1999 ஜூலை 14 அன்று, விளையாட்டரங்கின் கூரைப் பகுதியொன்றை, சுமார் 450 டன், காற்றடிக்கும் நேரத்தில் தூக்கினார்கள். கிரேன்மீது மோதும் காற்றைக் கணக்கிட்டவர்கள், பாய்மரம்போல் விரிந்திருந்த அந்தக் கூரையின்மீது மோதும் காற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. கிரேன் முறிந்தது. இறந்த மூவரும் வேறொரு கிரேனில் தொங்கிய கூடையில் நின்றிருந்த தொழிலாளர்கள். விசாகப்பட்டினத்துக் கப்பல் கட்டும் தளத்தில் 2020 ஆகஸ்ட் 1 அன்று 70 டன் கிரேன் சரிந்து 11 பேர் இறந்தது, அதைச் சோதித்துப் பார்க்கும் வேளையில்தான்.

“காத்து அடிக்குது, வேணாம்னு சொன்னா அன்னிக்கு வேலை நின்னுடும்யா. சொல்றவனை யாருக்குப் பிடிக்கும்?” என்றார் மாணவர்.

எனக்குத் தேர் நினைவுக்கு வந்தது. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் கட்டை செருகுகிறவர்தான் தேரைத் திருப்புகிறார், நிறுத்துகிறார். அவர் கை பிசகினால் உயிர் போகும். அந்தக் கட்டையின் பெயரைத்தான் நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவன் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’. நானும் வகுப்பில் அந்த ஒரு பொருளை மட்டுமே சொல்லிக் கடந்திருக்கிறேன்.

அடுத்த திருவிழாக் கூட்டத்தில் கிரேன் வேண்டாம் என்றேன். “வாத்தியார் முட்டுக்கட்டை போடுறாரு” என்று பின்வரிசையில் ஒரு குரல். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பின், கிரேன் மாலையை மட்டும் தூக்கட்டும், ஆள் ஏற வேண்டாம், ஓட்டுநர் முந்தின நாளே வந்து தரையைப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. அரை மனத்தோடு இசைந்தேன். அழைப்பிதழில் அந்த வரியை எடுத்துவிட்டேன். தெரு இளைஞர்கள் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.