பம்ப்பின் மேல் பழி

பழைய டீசல் வண்டி வழியில் நின்றுவிட்டால், பட்டறையில் முதலில் உச்சரிக்கப்படும் சொல் ‘பம்ப்பு’ என்பதேயாகும். அதைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினால் வண்டி சில நாட்கள் முடங்கும். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் ஒரு மாத வருவாயும் அதில் கரையும். ஆதலின், தீர்ப்பை ஏற்குமுன் சிறிது விசாரணை நடத்துவது நியாயமென்று கருதுகிறோம்.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில், எண்ணெயை உட்செலுத்த அழுத்தக் காற்றும் அதற்கெனத் தனியொரு கம்ப்ரஸரும் வேண்டியிருந்தன. 1927இல் பாஷ் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்ப்பு அச்சுமையை நீக்கி, சாலை வண்டிகளில் டீசல் பரவ வழி செய்தது. மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் இயங்கும் அக்கருவி, தூய எண்ணெய் கிடைக்கும்வரை எளிதில் கெடுவதில்லை. கேடு பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள மலிவான பொருள்களில்தான்: டேங்கின் மூடி, வடிகட்டி, ரப்பர் குழாய், செம்பு வாஷர்.

வண்டி உயிர்பெற மறுக்கும்போது புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழன்றும் புகையே இல்லையெனில், எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை. வெண்புகை வருமாயின் எண்ணெய் வருகிறது, எரியவில்லை. அப்போது ஆராய வேண்டியது ஹீட்டர் பிளக்கையும் கம்ப்ரஷனையும்.

நம் மருமகன் ஒருவர் பத்தமடைப் பாய் ஏற்றிச் செல்லும் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார். அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். பின்னர் இழுவை குன்றி நின்றுவிடும். சற்று ஓய்ந்தபின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். “மாமா, பம்பை இறக்கணும்னு சொல்றாங்க, என்ன செய்யட்டும்?” என்று கவலையோடு வந்தார். இறக்கவேண்டாமென்று தடுத்து, முதலில் டேங்கின் மூடியைத் தளர்த்தி ஓட்டச் சொன்னோம். மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் இதே குறி தோன்றும். மாற்றமில்லை. அடுத்து, சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றை எஞ்சினுக்கு மேலாகக் கட்டி, அதிலிருந்து நேரே ஃபீட் பம்ப்புக்குக் குழாய் கொடுத்தோம். ஒரு மணி நேரம் ஓடியும் வண்டி நிற்கவில்லை! இஞ்செக்ஷன் பம்ப்பு குற்றமற்றதென்பது தெளிவாயிற்று.

டேங்கை இறக்கியபோது அடியில் கறுத்த கூழ் படிந்திருந்தது. எப்போதும் குறைவாகவே எண்ணெய் நிரப்பும் வண்டியில், மேலுள்ள காற்றின் ஈரம் நீராகி அடியில் தேங்கும்; நீரும் டீசலும் சந்திக்குமிடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். ஓடும்போது அக்கூழ் உறிஞ்சு குழாயின் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும், நின்றதும் உதிர்ந்துவிடும். ஓய்வுக்குப் பின் வண்டி கிளம்பிய மர்மம் இதுதான். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றியதோடு செலவு முடிந்தது. பட்டறைக்காரர் வஞ்சித்தாரென்று நாம் சொல்லமாட்டோம். கேன் கட்டிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இல்லை, அவ்வளவே.

இரவு நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் முரண்டினால், காற்றின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப்புவரை எண்ணெய் உறிஞ்சப்படுவதால், அப்பகுதியில் வெடித்த குழாய் வெளியே ஒழுகாமலேயே காற்றை உள்ளிழுக்கும். ஒழுக்கைத் தேடி ஏமாறுபவர் பலர். அங்கே ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை இணைத்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பழுதைச் சரிசெய்து, ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையற்ற எண்ணெய் வரும்வரை ‘ஏர் எடுக்க’ வேண்டும்.

ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்தால், எஞ்சின் மெதுவாக ஓடுகையில் இஞ்செக்டர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிதே தளர்த்துவது பட்டறை வழக்கம். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். இதை வீட்டுப் பிள்ளைகள் செய்ய நாம் உடன்படோம். அங்கே சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசிமுனையளவே தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.