பன்னிரண்டு மணிக்குத் திரும்பணும்



போன முறை சுவர்ப் பத்திரிகையில் எல்லோரும் போய் வந்த ஊரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் இன்னும் போகாத ஒரு மலையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. இந்த மலைக்குப் போக எங்க வீட்டில் இரண்டு மாசமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

மலையின் பெயர் பர்வதமலை. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உயரம் 4560 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை கோயில். ஐப்பசியில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தம்பி பிழைத்து வந்தால் அந்த மலை ஏறி விளக்குப் போடுவதாக எங்கம்மா வேண்டிக்கொண்டார்கள். தம்பி இப்போது நல்லா இருக்கான். கிரிக்கெட் ஆடி ஜன்னல் கூட உடைத்துவிட்டான். வேண்டுதல் மட்டும் பாக்கி.

எங்கம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார்கள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட், விடியற்காலை 5.10-க்கு கம்பெனி பஸ் வந்துவிடும். ஒரு நாள் போகாவிட்டாலும் அந்த மாச அட்டெண்டன்ஸ் பணம் போய்விடும். அதனால் ஒரே நாளில் போய் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தாகணும். "நீதான் ஒன்பதாவது படிக்கிற, நீயே பிளான் போடு" என்று அம்மா என்னிடம் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் எங்க பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் கேட்டேன். அவங்க ஊர் கலசப்பாக்கம் பக்கம், இங்கே வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்காங்க. சின்ன வயசிலேயே அந்த மலை ஏறினவங்க. அவங்க சொன்னது: தென்மாதிமங்கலத்தில் இருந்து முதலில் ரோடு, அப்புறம் படிக்கட்டு, அப்புறம் காட்டுக்குள்ளே கரடுமுரடான பாறை வழி. கடைசியில் செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பேரே கடப்பாறைப் படி. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அதில் கால் வைத்து ஏறணும். ஏணிப் படியும் உண்டு. "கையில பை எடுத்துட்டு வராத. ரெண்டு கையும் காலியா இருக்கணும். கவரைப் பார்த்தா குரங்கு புடுங்கிடும்" என்றார்கள். அம்மா தன்னுடைய கம்பெனி சேஃப்டி ஷூவைப் போட்டு வரட்டுமா என்று கேட்டார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் முனையில் இரும்பு இருக்கும்.

எந்த மாசம் போவது? பௌர்ணமியில் கூட்டம் அதிகம், கடப்பாறைப் படியில் நின்று நின்றுதான் போகணும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, பாறை வழுக்கும், காட்டு ஓடையில் திடீரென்று தண்ணீர் வரும். மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலைக்குப் போனவர்கள் காட்டுத் தீயில் மாட்டி 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதில் நிறைய பேர் பெண்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் தை மாசம் இரண்டாவது ஞாயிறு என்று எழுதினேன்.

அடுத்தது நேரம். பரீட்சைக்கு முன்னாடி மாடல் டெஸ்ட் வைப்பது போல ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றம் போனேன். வேதகிரி மலை சுமார் 500 அடி உயரம், 500-க்கு மேல் படிகள். அம்மா மேலே போக அரை மணி நேரம் ஆனது. 4560 அடிக்கு ஒன்பது அரை மணி, அதாவது நாலரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு கணக்கு சாரிடம் காட்டினேன்.

சார் இரண்டு தப்பைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, 4560 அடி என்பது கடல் மட்டத்தில் இருந்து. அந்தப் பக்கத்துத் தரையே கடலுக்கு மேலே சில நூறு அடி இருக்கும். அதனால் நாம் ஏறுவது சுமார் 4000 அடிதான், எட்டு அரை மணி. இரண்டாவது, "முதல் அரை மணியில நடக்கிற வேகம் எட்டாவது அரை மணியிலயும் இருக்குமா? நீங்க என்ன மெஷினா?" என்றார். அதனால் ஒரு மணி நேரம் கூட்டி ஐந்து மணி நேரம் என்று போட்டேன்.

திட்டம் இதுதான். சித்தப்பாவின் வேன். சனிக்கிழமை அவர் டிரிப் ஓட்டாமல் தூங்கணும். ராத்திரி 2 மணிக்குப் புறப்பாடு. வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி, போளூர் வழியாக 5.30-க்கு அடிவாரம். அங்கே பச்சையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளிச்சம் வந்ததும் 6 மணிக்கு ஏற ஆரம்பிக்கணும். 11 மணிக்கு உச்சி. ஒருவேளை லேட்டானால், 12 மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்பணும். நாலு மணிக்குக் கீழே. இருட்டுவதற்குள் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்.

இந்தப் பன்னிரண்டு மணியில்தான் சண்டை வந்தது. "அவ்ளோ தூரம் போயிட்டு, கோயில் கண்ணுக்குத் தெரியறப்போ திரும்பறதா? அப்புறம் எதுக்குடி போகணும்?" என்று அம்மா நோட்டைத் தூக்கிப் போட்டார்கள். எனக்கும் கோபம். "அப்ப நீயே பிளான் போடு" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

மூன்றாவது நாள் தமிழம்மாவிடம் மலையைப் பற்றிச் சொன்னபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு நூல், 583 அடி. நன்னன் என்ற மன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. அதில் வரும் நவிரமலைதான் நம்ம பர்வதமலை என்று அறிஞர்கள் சொல்கிறார்களாம். எங்கே வழுக்கும், எங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு போகணும், எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் விடும் கவண்கல் மேலே படாமல் எப்படிப் போகணும் என்று எல்லாம் அதில் இருக்கிறதாம். அத்தனை நூற்றாண்டுக்கு முன்னாடியே அந்த மலைக்கு ஒருத்தர் பிளான் போட்டிருக்கிறார்! எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வயசுப் பொண்ணு மலைக்குப் போகக் கூடாது என்று முதலில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்த எங்க ஆயாதான் பேசினார்கள். "பர்வதம்னாலே மலைதான். அந்த மலையே சாமி. பாதியில நின்னு வெளக்கு வெச்சா வேணாம்னு சொல்லுமா? கழுக்குன்றத்துல எறங்கறப்போ உன் முட்டி எப்படி நடுங்குச்சுன்னு சொன்னாளே உன் தங்கச்சி!"

அது உண்மைதான். திருக்கழுக்குன்றத்தில் ஏறுவதை விட இறங்கும்போதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். இறங்கவும் அதே அரை மணி ஆனது. நான் அதைப் பார்த்துத்தான் பன்னிரண்டு மணி என்று எழுதினேன். அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஆயா சொன்ன பிறகு, "உன் முட்டிக்காகத்தாம்மா" என்றேன்.

காலையில் நோட்டைத் திறந்தால், 12 மணி என்பதற்குக் கீழே அம்மா கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவங்க கையெழுத்தில், "தண்ணி ஆளுக்கு 3 லிட்டர், ஸ்டீல் பாட்டில். புளிசாதம். வேர்க்கடலை உருண்டை. டார்ச். முட்டிக்குத் தைலம்" என்று இருந்தது.

முந்தின நாள் வனத்துறையினரிடம் கேட், நேரம் எல்லாம் விசாரிக்கணும். மழை என்றால் அடுத்த ஞாயிறுக்கு மாற்றணும். இதுதான் பாக்கி.

தை மாசம் போய் வந்து மீதியை எழுதுகிறேன். உச்சிக்குப் போனீங்களா என்று யாரும் முதலில் கேட்காதீங்க. திங்கட்கிழமை 5.10 பஸ்ஸை உங்கம்மா பிடித்தாங்களா என்று கேளுங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி