சந்திரகிரி ராஜதானியில் ஒரு பகல்

ஏழுமலையானைச் சேவித்துவிட்டு அன்றிரவே ஊர் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், திருப்பதிக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்வர்ணமுகி நதியை அடுத்திருக்கும் சந்திரகிரியைப் பார்க்காமலே போய்விடுகிறவர்கள் நம்மில் மிகப் பலர். விஜயநகர சாம்ராஜ்யத்தின் கடைசி ராஜதானிகளுள் ஒன்று அது. நெடுங்காலம் சித்தூர் ஜில்லாவிலிருந்து, 2022-இல் புதிதாக அமைந்த திருப்பதி ஜில்லாவில் சேர்ந்துவிட்ட அவ்வூரை, அங்கேயே பிறந்து வளர்ந்த முதிய வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஒரு பகல் முழுவதும் சுற்றிப்பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

தமிழ்ச் சொல்லில் தொடங்கித் தெலுங்கில் முடியும் அந்த ஜில்லாவுக்கே உரிய பேச்சு அவருடையது. இடிந்த மதிலையும், பூஜை நின்றுபோன கோயில்களையும் விரைவாகவே காட்டிக் கடந்தவர், ராஜமகாலின் எதிரே வந்ததும் நின்றுவிட்டார். "சாமி, இந்த மாளிகையிலே மரத்துண்டு ஒண்ணுகூடக் கிடையாது. கல்லு, செங்கல்லு, சுண்ணாம்பு, அவ்வளவுதான்!" என்றார். மூன்று தளங்களும் உச்சியில் கோபுரங்களுமாக நிற்கும் அக்கட்டடத்தில், வளைவுகள் முகம்மதிய சிற்ப மரபையும் விமானங்கள் நம் கோயில் மரபையும் தழுவியிருக்க, இரண்டும் ஒன்றோடொன்று சிறிதும் பிணங்காமல் பொருந்தியிருக்கும் நேர்த்தியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1565-இல் தக்காண சுல்தான்களிடம் தோற்று, ஹம்பியை இழந்து, பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்து, அங்கிருந்தும் தெற்கே நகர்ந்த ஓர் அரசு, தன்னை வென்றவர்களின் கலையை வெறுக்காமல் தன் மாளிகையிலேயே அதற்கு இடம் கொடுத்தது என்பது அற்ப விஷயமன்று.

1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதி ராயர் இங்கே கொலுவீற்றிருந்தார். 1598-இல் மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்து வந்த யேசு சபைப் பாதிரிமாரை அவர் மரியாதையோடு வரவேற்றார் என்பதைச் சொன்னபோது, தம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல வழிகாட்டியின் குரல் கனிந்தது. ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் எத்தனையோ வழிகாட்டிகளை நான் கண்டதுண்டு. அபிமானத்தோடு பேசும் இவரைப் போன்றவர் அரிது.

சென்னைக்கு அடிகோலிய சாசனம் இந்த மாளிகையிலேதான் எழுதப்பட்டது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமையை இங்கிலீஷ் கம்பெனிக்கு வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் அடங்கி நடந்ததோ பெத்த வேங்கடராயர் என்னும் விஜயநகரச் சக்கரவர்த்திக்கு. ஏடு எழுதப்பட்ட இடம் எதுவாயினும், நாயக்கர் கொடுத்த உரிமைக்கு மூலமாக நின்ற அதிகாரம் சந்திரகிரி ராயர்களுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்னைவாசிகள் தம் குழந்தைகளை அழைத்துவந்து இந்த மாளிகையைக் காட்ட வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அந்தச் சாசனத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் கோல்கொண்டாப் படை சந்திரகிரியைக் கைப்பற்றிவிட்டது. இடம் கேட்டு வந்த கம்பெனியாரின் பட்டணமோ வளர்ந்துகொண்டே போயிற்று.

மாலையில் விடைபெறும்போது, ராயர்களின் உருவங்களைக் காண வேண்டுமானால் திருமலைக்கே போகவேண்டும் என்றார் வழிகாட்டி. மறுநாள், மகாத்துவாரத்தைக் கடந்ததும் இருக்கும் மண்டபத்தில், ஜனநெருக்கடியில் கிடைத்த சில கணங்களுக்குள் அவர் சொன்ன இடங்களைத் தேடினேன்: வலப்புறம் இரு தேவிமாரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயர், இடப்புறம் கல்லில் அச்சுதராயரும், செம்பில் வேங்கடபதி ராயரும். கோவிந்த நாமம் முழங்க என்னைச் சூழ்ந்து சென்ற கூட்டத்தில் தமிழ்க் குரல்களே மிகுதியாக இருந்தன. என் பின்னே குழந்தையைத் தோளில் சுமந்து வந்த ஒருவரிடம் இடப்புறத்துச் செம்புருவத்தைச் சுட்டிக்காட்டி, இவர் சந்திரகிரியில் ஆண்ட ராஜா என்றேன். அவர் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார்.