இரண்டு நாளுக்கு ஒரு நாடு

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அவளும் கணவரும் கிரேக்கத்தின் சாண்டோரினி தீவுக்கு இரண்டு நாள் போகிறார்களாம். இயாவில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும், ஃபிராவிலிருந்து பழைய துறைமுகத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள் இறங்க வேண்டும், எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த அக்ரோத்திரி ஊரைப் பார்க்க வேண்டும், கருமணல் கடற்கரை, எரிமலைத் தீவுக்குப் படகு என்று மணிக்கணக்குப் போட்டு எழுதியிருந்தாள். கடைசி வரி ஒரு கேள்வி: “இதெல்லாம் ரெண்டு நாள்ல முடியுமா மாமா?”

நான் கிரேக்கம் போனதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கொல்லிமலையில் பெரக்கரை நாடு எனக்குக் கொடுத்த பதில் அது.

முதல் தடவை கொல்லிமலைக்குப் போனபோது நானும் இப்படித்தான் பட்டியல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாள், வாடகை வேன், குடும்பத்தோடு ஒன்பது பேர். ஆகாய கங்கை, மாசிலா அருவி, நம் அருவி, அறப்பளீசுவரர் கோயில், எட்டுக்கை அம்மன் கோயில், வாசலூர்ப்பட்டி படகுத்துறை, சோளக்காடு சந்தை. வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான், அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். மலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. முப்பதைத் தாண்டுவதற்குள் வேனில் மூன்று பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். நிறுத்தி நிறுத்தி ஏறினோம். மேலே போனால் வண்டிக் கூட்டம். ஆகாய கங்கைப் படிக்கட்டு வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கீழே இறங்க விடும் நேரம் முடிந்திருந்தது. அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அம்மா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் பல நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு தை மாதத்தில், என்னோடு வேலை பார்த்த நண்பர் என்னையும் மனைவியையும் தன் ஊருக்குக் கூப்பிட்டார். அவர் பெரக்கரை நாட்டுக்காரர். கொல்லிமலையில் ‘நாடு’ என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதி. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலை முழுவதும் நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஊர்க்கவுண்டர், பெரிய கவுண்டர் என்று மரபு வழியாக வரும் பொறுப்புகள் உண்டு. இங்கே வாழும் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பதுதான் இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிவரும் கதை.

இந்த முறையும் கையில் பட்டியல் இருந்தது. நண்பரின் அம்மாவிடம் காட்டினேன். அவர் படித்தவர் இல்லை. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார்: “ஏந் தம்பி, மலையப் பாக்க வந்தீங்களா, ரோட்டப் பாக்க வந்தீங்களா? ஒரு நாளைக்கு ஒரு எடம் போதும். மிச்ச நேரம் இங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அது மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் உச்சிவரை கொடி ஏறியிருந்தது. ஆண்கள் ஏணி வைத்துக் கொத்துக் கொத்தாகப் பறித்துச் சாக்கில் போட்டார்கள். வாசலில் பச்சைக் கொத்துகளைக் குவித்து, நண்பரின் அம்மா காலால் தேய்த்தார். மணிகள் உதிர்ந்து காம்பு தனியாக வந்தது. நான் கையால் தேய்த்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை எரிய ஆரம்பித்துவிட்டது. அந்தக் கையை மறந்தாற்போல் கண்ணில் வைத்தவன் பாடு சொல்லி மாளாது. பிறகு தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயப்போட்டார்கள். நான்கைந்து நாள் வெயிலில் பச்சை கறுத்து, தோல் சுருங்கி, நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகாகிறது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். சாயங்காலம் பனி இறங்கும் முன் மூலைக்கு ஒருவராகத் தார்ப்பாயைப் பிடித்து மடக்கினோம். இதில் எதுவும் என் பட்டியலில் இல்லை. ஆனால் கொல்லிமலை என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த வாசல்தான்.

இரவு சாமைச் சோறும் அவரைக் குழம்பும். முன்பெல்லாம் சாமையை உரலில் குத்தித்தான் உமி நீக்க வேண்டும், அது பெண்களின் தோளை வாங்கும் வேலை என்று அம்மா சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களுக்காகப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் ஊருக்குள் வந்தது அப்படித்தான். நெல்லும் மரவள்ளியும் காபியும் மிளகும் சாமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. விருந்தாளி கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அந்தத் தானியத்துக்கு இன்னொரு விதைப்பு கிடைக்கும்.

மறுநாள் ஆகாய கங்கை மட்டும். விடிந்ததும் கிளம்பினோம். வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு தொடங்குகிறது. கோயிலை ஒட்டிய ஓடையில் மீன்களுக்கு இன்னும் பொரி போடுகிறார்கள். அறுத்துக் குழம்பில் இட்ட மீன்கள் உயிர்பெற்றுத் துள்ளி ஓடைக்குத் திரும்பின என்பது தலபுராணம். பூசாரி அதைச் சொல்ல, நாங்கள் நிதானமாக நின்று கேட்டோம். முதல் பயணத்தில் இந்தக் கோயிலை வேன் சன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

படிகள் ஆயிரத்துக்கும் மேல், செங்குத்தாக இறங்குகின்றன. கீழே அய்யாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. எங்களைத் தவிர நான்கு பேர்தான் இருந்தார்கள். சாரல் மேலே பட்டதும் மனைவி குழந்தைபோலக் கத்தினாள். ஏறி வருவதற்கு இறங்கியதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆனது. மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணி வகை அது. ரோமம் மூடிய ஆட்டுக்கால் போலவே இருக்கும். மிளகு தூக்கலாகப் போட்ட அந்தச் சூப் படியேறிய களைப்புக்குத் தேவாமிர்தம்.

அன்று கவனித்த ஒன்றைத்தான் அக்கா மகளுக்கு எழுதினேன். பத்து மணிக்கு மேல் வண்டிகள் வர ஆரம்பிக்கின்றன. நாலரை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டுக்கு முன் வளைவுகளைக் கடக்க வேண்டுமென்று எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். அதன்பின் மலை மலைக்காரர்களுடையது. சாண்டோரினியிலும் இதே நடப்புதான். காலையில் பெரிய கப்பல்கள் ஆட்களை இறக்குகின்றன, மாலையில் ஏற்றிக்கொண்டு போகின்றன. கூட்டம் தாங்காமல் 2025-இலிருந்து கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 8,000 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவின் பரப்பு 76 சதுர கிலோமீட்டர். கொல்லிமலை சுமார் 280. தீவைச் சுற்றிக் கடல் என்றால் மலையைச் சுற்றிச் சமவெளி. இரண்டிலும் இடம் கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், வந்துபோகிறவர்கள் அதிகம்.

அவளுக்கு நான் எழுதியது இதுதான்: “கண்ணு, ஐந்தில் இரண்டை வைத்துக்கொள், மூன்றை அடித்துவிடு. கூட்டம் நிற்கும் இடத்தில் அறை எடுக்காதே. உள்ளே ஒரு சின்ன ஊரில் தங்கு. காலை எட்டு மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார். மதியம் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்.”

கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் எனக்குச் சொல்ல இருப்பது இதுவே. சனி, ஞாயிறு வேண்டாம், வாரநாளில் வாருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவு ஏறாதீர்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக வளைவு குறைந்த சாலை உண்டு. மலையில் ஓர் இரவாவது தங்குங்கள். ஊருக்குள் கோவில் காடு இருந்தால் யாரையாவது கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். மிளகையும் சாமையையும் விளைவித்தவர் கையிலேயே வாங்குங்கள். கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைக் காரவள்ளிக்குத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள்.