அம்மாவின் வலது கை: ஒரு பழைய கேம்கார்டர் டேப் காட்டியது

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி டெக்னிக்கல், பாதி மருத்துவம். உங்க வீட்டு பீரோவுல பழைய வீடியோ டேப் ஏதாவது கிடந்தா கடைசி வரைக்கும் படிங்க. அம்மா, அப்பா அறுபதைத் தாண்டியிருந்தாலும் படிங்க.

2/ ஒரகடம் பக்கம் கிளினிக் வச்சிருக்கேன். ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கம்பெனிப் பசங்கதான் என்கிட்ட அதிகம் வர்றவங்க. இதே மாதிரி பசங்களுக்கு சுங்குவார்சத்திரத்துல மெஸ் நடத்தினவங்க எங்க அம்மா. நான் எம்பிபிஎஸ் படிச்சது அந்த மெஸ் காசுல.

3/ அம்மாவுக்கு இப்ப 66 வயசு. பார்கின்சன் நோய். 2013-ல கண்டுபிடிச்சோம், அதோட மெஸ்ஸையும் மூடிட்டோம். போன மாசம் தங்கச்சி ஃபோன் பண்ணி, "அண்ணா, அம்மா பிறந்தநாளுக்குப் பழைய வீடியோவெல்லாம் சேர்த்து மூணு நிமிஷத்துக்கு ஒன்னு பண்ணிக் குடு"ன்னு கேட்டா.

4/ பீரோவுல துணிக்கு அடியில ஒன்பது மினி டிவி கேசட் இருந்துச்சு, கூடவே கேமராவும். பேட்டரி செத்துப்போச்சு, அடாப்டர் மட்டும் வேலை செஞ்சுது. ஞாயித்துக்கிழமை காலைல உட்கார்ந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்னு நினைச்சேன். நாலு ஞாயிறு ஆச்சு.

5/ முதல் தப்பு: கேமராவுல யூஎஸ்பி இருக்கேன்னு லேப்டாப்ல சொருகினது. மெமரி கார்டுல இருந்த ஆறு ஃபோட்டோ வந்துச்சு, டேப்ல இருந்த வீடியோ வரல. அந்தக் காலத்து கேமரா பலதுல யூஎஸ்பி ஃபோட்டோவுக்கு மட்டும்தான். வீடியோவுக்குத் தனி வாசல். அதுக்குப் பேரு ஃபயர்வயர். சோனி கேமராவுல ஐலிங்க்னு போட்டிருக்கும்.

6/ இப்ப வர்ற லேப்டாப்ல அந்த வாசலே கிடையாது. ஒரு காலத்துல ஃபயர்வயரைத் தூக்கிப் பிடிச்ச ஆப்பிளே 2025-ல வந்த மேக் ஓஎஸ் டாஹோவுல அதைக் கைவிட்டுடுச்சு. கேசட் வீட்ல பத்திரமா இருக்கும், ஆனா அதைப் படிக்கிற மெஷின் ஒவ்வொன்னா காணாமப் போயிட்டிருக்கு. சும்மா வச்சிருக்கிறதே பாதுகாப்புன்னு நினைக்காதீங்க.

7/ ரெண்டு வழி இருக்கு. சுலபமானது: மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் கேபிளை யூஎஸ்பி கேப்சர் டாங்கிள்ல சொருகுறது. ஆனா டேப்ல இருக்கிறது டிஜிட்டல். இந்த வழியில அது அனலாகா மாறி, திரும்ப டிஜிட்டலாகும். படம் கொஞ்சம் மங்கும். விஹெச்எஸ், ஹை-8 டேப்னா அதுவே அனலாக்தான், அதுக்கு இந்த வழியே போதும்.

8/ மினி டிவிக்கு நல்ல வழி ஃபயர்வயர். ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஃபயர்வயர் கார்டு, கேபிள், பழைய டெஸ்க்டாப் ஒன்னு வாங்கிட்டு வந்தேன். சாஃப்ட்வேர் வின்-டிவி. இலவசம், ரொம்பச் சின்னது. கேமராவை ப்ளே மோட்ல வச்சா கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுக்கும்.

9/ நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:
• கேசட் முதுகுல இருக்கிற சின்ன ஸ்விட்சை 'சேவ்' பக்கம் தள்ளுங்க. தவறி ரெக்கார்ட் அழுத்தினாலும் அழியாது.
• வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா போடாதீங்க. கேமரா ஹெட்டும் கெட்டுடும்.
• முதல்ல கடைசி வரை ஓட விட்டு, ரீவைண்ட் பண்ணுங்க. ஒட்டிக்கிட்ட டேப் இளகும்.

10/
• படம் கட்டம் கட்டமா உடைஞ்சா ஹெட்ல அழுக்கு. க்ளீனிங் கேசட்டை சில நொடி மட்டும் ஓட்டுங்க.
• ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபி வரும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்-32 ஃபார்மட்டா இருந்தா 4 ஜிபியோட நின்னுடும். என்டிஎஃப்எஸ்-ஆ மாத்திக்கோங்க.

11/ இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். டேப்ல 'ஃபைல்' எதுவும் இல்ல, காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. நம்ம பிஏஎல் முறையில ஒரு ஃப்ரேமுக்கு 12 காந்தக் கோடு, விநாடிக்கு 25 ஃப்ரேம். அதாவது விநாடிக்கு 300 கோட்டை கேமரா ஹெட் ஒவ்வொன்னா படிச்சாகணும். அதனால ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தவே முடியாது.

12/ கிளினிக்ல ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கவே திணறுற நான், மணிக்கணக்கா எங்க அம்மாவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தேன். கடந்த பல வருஷத்துல அதைச் செஞ்சதே இல்ல.

13/ ஆறாவது டேப். 2009 பொங்கல். ஊருக்குப் போக லீவு கிடைக்காத பசங்களுக்கு மெஸ்ல இலை போட்டுச் சாப்பாடு. பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுல வேலை பார்த்தவங்க. 2006-ல உற்பத்தி ஆரம்பிச்சு 2014-ல நின்ன ஃபேக்டரி. கேம்கார்டரை பீரோவுக்கு அனுப்பினது ஃபோன்தான். அந்த ஃபோனைச் செஞ்ச பசங்களைத்தான் நான் கேம்கார்டர்ல எடுத்திருக்கேன்!

14/ அம்மா குரல் கணீர்னு கேட்குது. "இன்னாடா கண்ணு, அதுக்குள்ள எழுந்துட்ட? சாம்பார் வேணும்னா வாயத் தொறந்து கேளுங்கடா!" மூணு வீடு தள்ளிக் கேட்கும் அந்தக் குரல். இப்ப பக்கத்துல உட்கார்ந்தாலும் குனிஞ்சு காதைக் கொடுத்தாத்தான் கேட்கும்.

15/ அப்புறம் அந்த ஷாட். அம்மா வெறுங்கையோட பின்கட்டுலேர்ந்து கேமராவை நோக்கி நடந்து வர்றாங்க. பன்னிரண்டு அடி. இடது கை நல்லா வீசுது. வலது கை முழங்கையில லேசா மடங்கி, உடம்போட ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. வீசவே இல்ல.

16/ ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். ஒரு தடவை இல்ல, ஏழெட்டு தடவை. நடக்கும்போது ஒரு பக்கக் கை வீச்சு குறையறது பார்கின்சனோட ஆரம்ப அறிகுறிகள்ல ஒன்னு. நாங்க கண்டுபிடிச்சதுக்கு நாலு வருஷம் முன்னாடியே அது அங்க இருந்திருக்கு.

17/ கேமராவுக்குப் பின்னாடி ஒரு குரல், "அம்மா, இங்க பாரும்மா" ங்குது. அது நான்தான். அப்ப எம்பிபிஎஸ் கடைசி வருஷம். பார்கின்சன் பத்தி ரெண்டு பக்கம் பரீட்சையில எழுதி நல்ல மார்க் வாங்கினவன். எழுதினதுல 'கை வீச்சு குறைதல்'ங்கிற வரியும் இருந்துச்சு.

18/ 2011-ல அம்மா "வலது தோள் இறுக்கமா இருக்குடா"ன்னு சொன்னாங்க. 'ஃப்ரோசன் ஷோல்டர்'னு முடிவு பண்ணி ஒரு வருஷத்துக்கு மேல பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போனது நானேதான். தோள் வலியா, தோள் இறுக்கமா பார்கின்சன் தலைகாட்டுறது உண்டு. அது பாடப் புத்தகத்துலயும் இருக்கு.

19/ முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா நோய் நின்னிருக்குமா? இல்ல. அதை நிறுத்துற மருந்துன்னு நிரூபிக்கப்பட்டது இன்னைக்கு வரை எதுவும் கிடையாது. ஆனா அந்த வீண் பிசியோதெரபி மிச்சமாகியிருக்கும். "வேலை செய்யச் சோம்பல் வந்துடுச்சும்மா உனக்கு"ன்னு நான் ஒரு நாள் சொன்னதைச் சொல்லாம இருந்திருப்பேன்.

20/ வீட்டு வீடியோவுல நோயோட தடம் தெரியறது புதுசு இல்ல. 1994-ல அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகள், இல்லாத 11 குழந்தைகளோட முதல் பிறந்தநாள் வீடியோக்களை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நோய் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே வித்தியாசம் தெரிஞ்சுது. கேமரா பார்த்துடுது. நாமதான் பார்க்கிறதில்ல.

21/ எடிட் பண்ண உட்கார்ந்தப்ப அந்தப் பன்னிரண்டு அடியை வெட்டிடலாம்னு கை போச்சு. யாருக்கும் தெரியப்போறதில்ல. ஆனா அம்மா அந்த ஷாட்ல சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. வெட்டினா என் குற்ற உணர்ச்சிக்காக அவங்க சிரிப்பை வெட்டின மாதிரி ஆகும். விட்டுட்டேன்.

22/ பிறந்தநாள் அன்னைக்கு டிவியில போட்டோம். அம்மா தன் கையைப் பார்க்கவே இல்ல. "அந்தச் செவப்பு சட்டைப் பையன் திருவண்ணாமலைக்காரன். கல்யாணத்துக்குக் கூப்பிடறேன்னான், கூப்பிடவே இல்ல"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "நான் இம்மாம் சத்தமாவா பேசுவேன்?"

23/ இதுல ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. பார்கின்சன்ல குரல் தணிஞ்சுபோனது பலருக்குத் தனக்கே தெரியாது. சரியான சத்தத்துலதான் பேசுறோம்னு நினைப்பாங்க. அம்மாவும் "உங்களுக்கெல்லாம் காது போச்சு"ன்னுதான் திட்டிட்டிருந்தாங்க. பேச்சுப் பயிற்சி சொல்லித் தந்தும் பிடிவாதமா மறுத்தாங்க.

24/ மறுநாள் காலைல அவங்களே கூப்பிட்டு, "அந்த சாம்பார் வீடியோவைப் போடு"ன்னாங்க. டேப்ல இருக்கிற அம்மா கத்த, கூடவே இந்த அம்மாவும், "வாயத் தொறந்து கேளுங்கடா!" பழைய குரல்ல பாதி கூட இல்ல. ஆனா சமையல்கட்டுல இருந்த என் மனைவிக்குக் கேட்டுச்சு. "அத்தை கூப்பிட்டீங்களா?"ன்னு ஓடி வந்தா.

25/ உங்ககிட்ட ரெண்டே வேண்டுகோள். ஒன்னு: டேப்பை இந்த வருஷமே மாத்துங்க. ஒரிஜினல் ஃபைலை அப்படியே ரெண்டு டிஸ்க்குல வைங்க, எடிட்டிங்கைக் காப்பியில பண்ணுங்க. எம்பி-4 எடுக்கும்போது 'டீ-இன்டர்லேஸ்' போடுங்க, இல்லன்னா அசையுற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

26/ ரெண்டு: அம்மா, அப்பா நடக்கிறதை ஒரு தடவை நின்னு பாருங்க. ரெண்டு கையும் வீசுதா? கையெழுத்து சின்னதாகுதா? வாசனை தெரியுதா? குரல் தணியுதா? இதுல ஒன்னு இருந்தாலே பார்கின்சன்னு அர்த்தம் இல்ல, வேற காரணமும் இருக்கலாம். நடுக்கம் எல்லாருக்கும் வராது, அதுக்காகக் காத்திருக்காதீங்க. சந்தேகம்னா நரம்பியல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க.

27/ இன்னும் மூணு டேப் பாக்கி. வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவையும் பக்கத்துல உட்கார வச்சுத்தான் ஓட்டப்போறேன். ஒரு மணி நேரம் ஆகட்டும்.