பாய் சுருட்டும் கலை

நுழையும்முன்

காற்றைத் துணைக்கொண்டு கடலைக் கடந்தவர்கள் நம் முன்னோர். பாயை விரிப்பதில் மட்டுமன்று, வேண்டியபோது குறைப்பதிலும் கடலோடியின் திறம் அடங்கியுள்ளது. சிறு பாய்ப்படகு ஒன்றில் கற்ற அத்திறத்தை இவ்வனுபவக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நெற்களத்தில் பிறந்த பழமொழி. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் நெல் தூற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்பூங்காவில் மூன்று வேளை முறைப்பணிக்குச் செல்கின்றனர். வாய்ப்பு வரும்போதே பற்றிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்களாகிய நாங்களும் அவர்களுக்கு ஓயாது கூறிவந்துள்ளோம். அவ்வறிவுரை சரியானதே. ஆயினும், காற்று அளவு கடந்து வீசினால் என்ன செய்வது? அதற்கான விடையைக் கடலில்தான் கண்டேன்.

முன்பாயும் உருளையும்

என் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரகடத்தில் பொறியாளராகப் பணிபுரிகிறார். இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க சிறு பாய்ப்படகு ஒன்று அவரிடம் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குள் ஒருநாள் மாலை அவருடன் சென்றேன்.

பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் முகப்பு வரை உறுதியான கம்பிவடம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. முக்கோண வடிவிலான முன்பாய் அவ்வடத்தைச் சுற்றியே பாயைப்போல் சுருண்டிருந்தது. வடத்தின் அடியில் ஓர் உருளை. அதில் சுற்றிய கயிறு படகோட்டியின் இருக்கை வரை நீண்டிருந்தது. பாயின் கயிற்றை இழுத்தால் பாய் விரியும். உருளைக் கயிற்றை இழுத்தால் பாய் சுருளும்.

முற்காலத்தில் முன்பாயைக் குறைக்க ஒருவர் ஆடும் படகின் முகப்புக்கே தவழ்ந்து செல்லவேண்டும். சிறு படகில் அவருடைய எடையாலேயே முகப்பு தாழும், அலை மேலேறும், கால் இடறினால் உயிருக்கே கேடு. உருளை அந்த இடரை நீக்கியது. இருந்த இடத்திலிருந்தே பாயைக் குறைக்க இயன்றது.

கடற்காற்று சற்றே வலுத்தது. "ஐயா, இப்போதே சிறிது சுருட்டிவிடலாம்" என்றார் அவர்.

"காற்று நன்றாகத்தானே வீசுகிறது?" என்றேன்.

"நன்றாக வீசும்போது சுருட்டினால் ஒரு கை போதும் ஐயா. மிகுந்த பின்பு இரு கைகளும் போதா" என்றார்.

பாயின் கயிற்றை முற்றிலும் விட்டுவிடாமல், சிறிது இறுக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டே உருளைக் கயிற்றை இழுத்தார். இறுக்கமின்றிச் சுருட்டிய பாய் தளர்ந்து, காற்றில் மீண்டும் பிரியும் என்றார். கயிறு சிக்கினால் வலிந்து இழுக்காமல் காரணத்தைத் தேடவேண்டும் என்றும் கூறினார்.

காற்றின் கணக்கு

இந்த முன்னெச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால், பாயின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். அளவுக்கு மிஞ்சிய பாயைத் தாங்கும் படகு விரைந்து செல்வதில்லை. ஒருபுறம் சாய்ந்து, சுக்கானுக்குக் கட்டுப்படாமல் தடுமாறுகிறது. பாயைக் குறைத்ததும் நிமிர்ந்து சீராகச் செல்கிறது. 'பாயைக் குறைக்கலாமா என்று முதலில் தோன்றும் கணமே குறைக்கவேண்டிய கணம்' என்பது கடலோடிகளிடையே வழங்கும் பட்டறிவு.

தெரிந்து தெளிவோம்

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றில் 30ஆம் பாடலாக உள்ளது. பாயைக் களையாமலே பெருங்கலம் ஒன்று புகார்த் துறைக்குள் நுழைந்த வியப்பை அப்பாடல் கூறுகிறது. துறை புகுமுன் பாயைக் களைவதே அக்கால வழக்கம் என்பதை இதனால் உணரலாம்.

இருவர் சுற்றிய உலகம்

இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்க்கலம் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. காற்றின் வலிமையை மட்டுமே நம்பி, 25,000 கடல் மைலுக்கும் மேல் பயணம் செய்து, 2025 மே 29ஆம் நாள் அவர்கள் கோவா திரும்பினர். இடையில் புயல்களையும் கடுங்குளிரையும் எதிர்கொண்டனர். பாயைக் கூட்டவும் குறைக்கவும் அவ்விருவரின் கைகளே இருந்தன. அத்தகைய நெடும்பயணத்தில் விரைவைப் போலவே நிதானமும் துணிவின் பகுதியாகும்.

வாழ்வின் பாய்

இரவுப்பணியையும் பகற்படிப்பையும் ஒருங்கே சுமந்து, உடல்நலம் குன்றிப் படிப்பை இடைநிறுத்திய மாணவர்களைப் பிள்ளைப்பாக்கத்தில் கண்டிருக்கிறேன். அவர்களிடம் முயற்சி குறைவாக இல்லை. விரித்த பாயே மிகுதி. ஒரு பருவம் பணிநேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் தேர்வெழுதித் தேறியதையும் கண்டிருக்கிறேன்.

மாணவர்களே, பாயைச் சுருட்டுவது பயணத்தைக் கைவிடுவதன்று. சுருட்டிய பாய் வடத்திலேயே இருக்கிறது. காற்று தணிந்ததும் கயிற்றை இழுத்தால் மீண்டும் விரியும். சுமை மிகுவதாக முதலில் தோன்றும்போதே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். அப்போது ஒரு கை போதும்.

கற்பவை கற்றபின்...

1. கொண்டல், கோடை, தென்றல், வாடை ஆகிய காற்றுகளின் திசைகளை அறிந்து, உங்கள் ஊரில் அவை வீசும் காலங்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
2. 'குறைத்துக்கொள்வதும் வெற்றிக்கு வழியே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.